நீலம் சரியாகத் தெரியவில்லை

மார்ச் 3

கழற்றிய லேத்தின் (கடைசல் இயந்திரம்) அடித்தளமான பெட் மட்டும் மேசைமேல் இருக்கிறது. மற்றதெல்லாம் தகர டப்பாக்களில். இன்று முழுக்க மைக்ரோமீட்டரும் கையுமாக, பெட்டின் இரண்டு நீளப் பட்டைகளில் முன் பட்டையின் அகலத்தை அளந்துகொண்டே போனேன். வேலைத்துண்டின் வெளிமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கம் எங்கே வைத்தாலும் ஒரே அளவு. துண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்கை நெருங்க நெருங்கக் குறைகிறது. சக்குக்கு முன்னால் ஒரு சாண் நீளத்தில் 0.08 மி.மீ. வரை போயிருக்கிறது. சின்ன வேலையெல்லாம் சக் ஓரத்தில்தான் நடக்கும். வெட்டும் டூலைச் சுமந்து பட்டைகள்மேல் நகரும் கேரேஜ் தன் ஆயுளில் பெரும்பகுதியை அந்த ஒரு சாணுக்குள்ளேயே கழித்திருக்கிறது.

கண்புரை அறுவைக்கு 24-ம் தேதி உறுதியாகிவிட்டது. வலது கண் முதலில்.

மார்ச் 4

துரு நீக்க, மின்சாரம் செலுத்திய வாஷிங் சோடாத் தண்ணீரில் கைச்சக்கரங்கள். குமிழ் நன்றாக வருகிறது.

மார்ச் 5

துரு கறுப்புச் சேறாகக் கழன்று, நாரை வைத்துத் தேய்த்தால் போய்விடுகிறது. நேர்முனைக்குப் பழைய இரும்புத் தகடுதான். பளபளப்பாக இருக்கிறதே என்று எவர்சில்வரைத் தொங்கவிடவே கூடாது, அதிலுள்ள குரோமியம் நஞ்சாகத் தண்ணீரில் இறங்கும். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன், வருவது ஹைட்ரஜன்.

பெட்டை இதில் போடவில்லை. அதற்கு மண்ணெண்ணெயும் துணியும் போதும். எமரித் தாள் அதன் பக்கத்திலேயே வரக்கூடாது.

மார்ச் 6

தூக்கமில்லை. எழுந்து கணக்குப் போட்டேன்.

பெட்டின் மேல்முகம் 0.1 மி.மீ. தேய்ந்து டூல் அவ்வளவு கீழே இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். 25 மி.மீ. உருளையைக் கடையும்போது அதனால் ஆரத்தில் வரும் வித்தியாசம் 0.0004 மி.மீ. என் கையில் இருக்கும் எந்தக் கருவியாலும் அதைப் பிடிக்க முடியாது. ஆனால் அதே தேய்மானம் பக்கவாட்டில் இருந்தால்? டூல் 0.05 மி.மீ. என் பக்கமாக விலகினால் விட்டத்தில் அப்படியே இரட்டிப்பாகி 0.1 மி.மீ. நிற்கும். மேல்முகத்தில் தெரியும் கீறலையும் பள்ளத்தையும் பார்த்து இத்தனை நாள் கலங்கியது வீண். வேலையைக் கெடுப்பது பக்க முகம், அதிலும் முன் பட்டையின் உள்பக்கம். வெட்டும் விசை கேரேஜை என் பக்கம் தள்ளும். அப்போது கேரேஜின் உதடு போய் அழுந்துவது அந்த உள்முகத்தில்தான். மேலே குனிந்து பார்க்கிற யாருக்கும் அது தெரியாது.

அப்புறம் தூங்கினேன்.

மார்ச் 8

அண்ணன் வந்தார். சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கின் மூடியைக் கழற்றி, பேரிங்கின் வெள்ளை உலோகத்தைப் பார்த்துவிட்டு, "இது இன்னும் உன் காலம் முழுக்க ஓடும் தம்பி" என்றார். ஸ்பிண்டிலை மரக்கட்டையால் நெம்பி, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பார்த்தோம். கொஞ்சம் ஆடுகிறது. மூடிக்கு அடியில் இருக்கும் பித்தளை ஷிம் (இடைவெளித் தகடு) தாள் தாளாக ஒட்டியது, ஒரு தாள் 0.05 மி.மீ. ஒன்றை உரித்தால் இறுகும். ஒன்று அதிகமாக உரித்தால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். இப்போதைக்கு உரிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மார்ச் 11

கேரேஜின் அடிப்பக்கத்துக்கு ப்ளூ (மேடு பள்ளம் காட்டும் நீல மை) போட்டுப் பார்த்தேன். சமதளமான பரப்புத் தட்டில் ஒரு துளி நீலத்தை உள்ளங்கையால் இழுத்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லிசாக்கி, கேரேஜை வைத்து ஒரு சின்ன அசைவு. திருப்பினால் மேடுகளில் நீலம் ஒட்டியிருக்க வேண்டும். அதிலும் ரொம்ப உயர்ந்த மேட்டில் நடுவில் நீலம் அழுந்தி விலகி, வெற்று உலோகம் மினுங்கும், சுற்றிலும் நீல வளையம். அந்த மினுக்கத்தைத்தான் ஸ்கிராப்பரால் முதலில் எடுக்க வேண்டும்.

எனக்கு எல்லாமே சாம்பலாகத் தெரிகிறது. விளக்கை மாற்றினேன், கண்ணாடியைத் துடைத்தேன், நீலத்தைக் கொஞ்சம் கூட்டினேன். கூட்டினால் பள்ளத்திலும் ஒட்டி ஊரை ஏமாற்றும். புரை முற்றினால் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிவிடும், முதலில் மங்குவது நீலம்தான் என்று டாக்டர் சொன்னார். இந்த வேலைக்கு இந்த நிறம்தானா வர வேண்டும்.

மகளைக் கூப்பிட்டேன். "அப்பா, இங்க பளிச்சுனு வட்டமா இருக்கே" என்று விரலை வைத்துக் காட்டினாள். அவள் காட்டக் காட்டச் சுரண்டினேன்.

மார்ச் 12

சிவப்பு மை பூசிப் பார்த்தேன். தெரிகிறது.

மார்ச் 14

ஒரே யோசனை. என் நேர்விளிம்புப் பட்டை நேர்தான் என்று எதை வைத்துச் சொல்வது? இன்னொரு பட்டையோடு ஒட்டிப் பார்த்தால், ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருந்து இரண்டும் அழகாகப் பொருந்திவிடலாம். இதற்கு மூன்று தட்டு வேண்டும். முதலாவதை இரண்டாவதோடு, இரண்டாவதை மூன்றாவதோடு, மூன்றாவதை மறுபடி முதலாவதோடு. மூன்றும் ஒன்றுக்கொன்று முழுசாகப் பொருந்த வேண்டுமென்றால் மூன்றும் சமதளமாக இருந்தே தீர வேண்டும், வேறு வழி இல்லை. ஆங்கிலேய இயந்திரப் பொறியாளர் மௌட்ஸ்லேயிடம் வேலை பார்த்த விட்வொர்த் 1840-ல் இதை கிளாஸ்கோவில் கட்டுரையாகவே வாசித்தார். தட்டுகளைப் பொடி போட்டு ஒன்றோடொன்று அரைக்காதீர்கள், சுரண்டுங்கள் என்றார். அளவுக்குத் துணையாக எதுவுமே கையில் இல்லாமல், வெறும் மூன்று வார்ப்பிரும்பிலிருந்து சமதளம் பிறக்கிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது சலிக்கவில்லை.

ஆனால் என்னிடம் மூன்று தட்டு இல்லை. பத்து நாளும் இல்லை.

மார்ச் 15

கண்ணில் மை பட்டுவிடப் போகிறது என்று வீட்டில் சண்டை. மனைவி சொல்வது சரி.

மார்ச் 17

பின் பட்டையின் பின்முகம்!

டார்ச்சைப் படுக்கவைத்து அடித்தபோது மகள்தான் முதலில் பார்த்தாள். தொழிற்சாலையில் தீட்டியபோது விழுந்த கிரைண்டிங் கோடுகள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அப்படியே இருக்கின்றன. சக்குக்கு முன்னால் உள்ள அந்த ஒரு சாணிலும்கூட. மைக்ரோமீட்டரும் அதையே சொல்கிறது. இந்த மைஃபோர்டு எம்.எல். 7 வகை லேத் 1946-ல் வந்தது. இதில் கேரேஜை வழிநடத்துவது முன் பட்டையின் இரண்டு பக்கங்கள் மட்டுமே. பின்பக்கத்தைக் கேரேஜ் தொட்டதே இல்லை. அப்படியென்றால் ஒரு எஃகுப் பட்டையைக் கேரேஜின் பின் உதட்டில் பொருத்தி, அது அந்தப் பின்முகத்தில் உரசும்படி செய்துவிட்டால் போதும். விசை என் பக்கம் தள்ளும்போது தாங்குவது தேயாத முகமாக இருக்கும். பின்னாளில் மைஃபோர்டே இந்த அகல வழிகாட்டலுக்கு மாறியது.

பழைய உள்முகம் தொடாதபடி ஒரு மயிரிழை இடைவெளி விட வேண்டும். அதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

பெட்டைச் சுரண்டவே வேண்டாம்!

மார்ச் 19

இடைவெளியை ஃபீலர் கேஜால் மூன்று இடத்தில் பார்த்துப் பட்டையின் தடிமனை முடிவு செய்தேன். ஒட்டி, இரண்டு திருகும் போட்டாயிற்று. பசை காயட்டும்.

மார்ச் 20

காய்கிறது.

மார்ச் 21

கேரேஜைப் பெட்டில் ஏற்றி, முன்பக்கக் கிப்பை (தளர்ச்சியை எடுக்கும் பட்டை) இறுக்கி, எண்ணெய் விட்டு, கையால் தள்ளினேன். முன்பெல்லாம் சக் பக்கம் தொளதொளவென்று ஓடி, டெயில்ஸ்டாக் பக்கம் போனதும் பிடிக்கும். இப்போதும் டெயில்ஸ்டாக் பக்கம் துளி இறுக்கம் தெரிகிறது, முன் பட்டையின் வெளிமுகம் தேய்ந்ததுதானே. ஆனால் டயல் கேஜை வைத்துக் கேரேஜை என் பக்கம் இழுத்துப் பிடித்தால் முள் இரண்டு முனையிலும் ஒரே இடத்தில் நிற்கிறது. முள்ளைப் படித்தது மகள். எனக்குக் காட்டு காட்டு என்று கேட்டு, பூதக்கண்ணாடி வைத்து நானும் பார்த்துவிட்டேன்.

மார்ச் 23

சொட்டு மருந்து ஆரம்பம். பெட்டுக்கு எண்ணெய் பூசித் துணி போர்த்தினேன். குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தூசி கூடாது. சக்கை இன்றைக்கே மாட்டிவிட்டேன், அதைத் தூக்குவதுதான் இனிக் கொஞ்ச காலம் ஆகாது.

மார்ச் 25

நலம்.

மார்ச் 27

இடது கண்ணை மூடினால் சுவர் வெள்ளை. வலது கண்ணை மூடினால் அதே சுவர் பழுப்பு மஞ்சள். மாற்றி மாற்றி மூடிக்கொண்டே இருக்கிறேன். "என்னங்க, கண்ணுக்கு ஓய்வு குடுங்க" என்கிறாள்.

இத்தனை வருடம் கண்ணால் பார்த்து ஒப்பேற்றிய அளவெல்லாம் எப்படி இருந்திருக்கும்.

மார்ச் 30

அண்ணன் எனக்காக வந்து ஓட்டினார். நான் வாசற்படியில், மூக்கைத் துணியால் கட்டி, பாதுகாப்புக் கண்ணாடியோடு. டெயில்ஸ்டாக் இல்லாமல் சக்கில் மட்டும் கம்பியைப் பிடித்து, இரண்டு முனையிலும் ஒரே மெல்லிய வெட்டு. சக் பக்கம் 24.91. வெளிமுனை 24.94. சக் பக்கத்தில் வழக்கமாக வந்த பருமன் இல்லை. பட்டை வேலை செய்கிறது!

மீதி 0.03 பெட்டின் முறுக்கலாகத்தான் இருக்க வேண்டும். வெளிமுனை பெரிதாக வந்தால் டூல் அங்கே என் பக்கம் சாய்கிறது என்று அர்த்தம். டெயில்ஸ்டாக் பக்கத்து முன் காலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். மட்டக்கோலில் ஒரு கோடு மீட்டருக்கு 0.02 மி.மீ. அதை வைத்து நாளைக் காலை பார்க்கலாம் என்றார் அண்ணன். பெட் வெயிலில் நிற்கிறதே, முதலில் அந்த ஜன்னலை மூடச் சொல்ல வேண்டும்.