பழைய பாலமா, புதுசா?

தையில் தங்கைக்குக் கல்யாணம். பெரிய மாமா இல்லாமல் பந்தல்கால் ஊன்ற முடியாது என்று அம்மா ஆவணியிலேயே அழத் தொடங்கிவிட்டார். அப்பாவும் மாமாவும் 2003 இலிருந்து முகம் பார்ப்பதில்லை. காரணம், ஒரு டைனமோ. அப்பா இரவல் வாங்கிய ரலி சைக்கிள் அது இல்லாமல் திரும்பிப் போனது.

லண்டனிலிருக்கும் சின்னம்மாவின் மகன்தான் வழி சொன்னான். "'வாட்டர் அண்டர் த பிரிட்ஜ்' எண்டு ஒரு மெசேஜ் போடு." பாலத்துக்குக் கீழே ஓடிப்போன தண்ணீர் மாதிரி, நடந்தது நடந்து முடிந்தது, இனிக் கிளற வேண்டாம் என்று பொருளாம். மாமா ஆங்கிலப் பேப்பர் வாசிக்கிற ஆள்தானே, அனுப்பினேன்.

பதில் வந்தது: "எந்தப் பாலம்? பழசா, புதுசா?"

மட்டக்களப்பு வாவிக்கு மேலே, கல்லடியில் இரண்டு உண்டு. 1924 இல் வெள்ளைக்காரர் கட்டிய லேடி மானிங் பாலம், பக்கத்தில் 2013 இல் திறந்தது. பழசில் நின்றால் வாவிக்குள் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். பகிடி விடுகிறார் என்று நினைத்து, "பழசு" என்று போட்டேன்.

பின்னேரம் போன் அடித்தது. "மருமகன், நான் வந்து அரை மணித்தியாலம். மீன் பாடுறதையும் கேக்கல்ல, உங்கட அப்பாவையும் காணல்ல."

விழுந்தடித்துப் போய் விளக்கினேன். மாமா வாவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது ஓடுற ஆத்துக்காரன் சொன்ன கதை. இஞ்ச முகத்துவாரம் மண்மூடிக் கிடக்கு. தண்ணி எங்க போற? கச்சான் அடிச்சா அங்கால போகும், மறுகா இஞ்சால வரும். 2003 தண்ணியும் இதுக்குள்ளதான் கிடக்கும்."

நான் வாயைத் திறக்குமுன், "மற்றது, இதத் தொலைச்ச ஆள் சொல்லப்படா. பறிகுடுத்த நான் சொல்லோணும்" என்றார்.

அது சரிதான். பாதிக்கப்பட்டவர் சொன்னால் பெருந்தன்மை. அப்பா பக்கத்திலிருந்து போனால் வெறும் திமிர். லண்டன்காரன் இதைச் சொல்லித் தரவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அப்பா, "அந்த டைனமோ எரியிறதேயில்லை" என்றார். அதை நான் மாமாவிடம் கொண்டுபோகவில்லை.

கார்த்திகையில் அடைமழை. வாவி நிரம்பி வயலுக்குள் ஏற, முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். அன்றிரவு மாமாவிடமிருந்து மெசேஜ்:

"வெட்டிட்டாங்க மருமகன். தண்ணி கடலுக்குப் போகுது. மச்சானைக் கல்யாணக் காட் கொண்டு வரச் சொல்லுங்க. டைனமோவையும்."