பென்சில், பணப்பை, சாவி

இன்று அத்தையின் நினைவாற்றல் சோதனையின்போது மருத்துவர் பேனாவையும் சாவியையும் காட்டிப் பெயர் கேட்டார். சற்றுக் கழித்து, என்னென்ன காட்டினேன் என்று அவர் கேட்டபோது அத்தை என் முகத்தைப் பார்த்தார்.

1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் செய்ததும் இதுவே. அவரது நோயாளியான 51 வயது அகுஸ்தே டீட்டர் பென்சில், பணப்பை, சாவி, சுருட்டு ஆகியவற்றின் பெயர்களைச் சரியாகச் சொன்னார். சிறிது நேரத்தில் எவற்றைப் பார்த்தோம் என்பதே அவருக்கு நினைவில்லை.

பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும் உண்டுகொண்டிருந்தவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, பசலைக்கீரை என்றார். கணவரின் பெயரைக் கேட்டதற்கும் தம் பெயரையே சொன்னார்.

மனநோயின் வேரை மூளைத் திசுவில் தேடிய ஒருவர், நோயாளியின் சொற்களையும் கேள்வியும் பதிலுமாக இத்தனை கவனத்தோடு எழுதிவைத்தார் என்பதை எண்ணும்போது அவர்மேல் பெருமதிப்பு உண்டாகிறது.

1906-இல் அகுஸ்தே இறந்தபின் அவரது மூளையைத் தாம் அப்போது பணியாற்றிய மியூனிக்குக்கு வரவழைத்து, வெள்ளிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்த அல்சைமர், நரம்பணுக்களுக்குள் முறுக்கிய இழைகளையும் வெளியே படிவுகளையும் கண்டார். அதே ஆண்டு ட்யூபிங்கன் நகரில் நடந்த மனநல மருத்துவர்கள் கூட்டத்தில் அவர் இதை விளக்கியபோது ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1910-இல், மனநல மருத்துவர் எமில் கிரெப்பலின் தம் மனநல மருத்துவப் பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.