சிவப்பு மூடி

எங்கள் கடுவன் பூனைக்குச் சீனி வருத்தம் என்றால் எங்கள் ஊர் கல்லடியில் இன்னமும் சிரிக்கிறார்கள். மருந்துக்கடைத் தம்பியும் "பூனைக்குமா அக்கா?" என்று சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும். சிரித்துக்கொண்டே அவர் எடுத்துத் தந்த சிரிஞ்சுதான் செல்லனைச் சாகடிக்கப் பார்த்தது.

செல்லனுக்கு 11 வயது. வாளித் தண்ணீரை விட்டு நகராமல் குடித்தான், தின்னத் தின்ன மெலிந்தான், பின்னங்காலில் குதி தரையில் படும்படி நடந்தான். கூடையில் வைத்து பஸ் ஏறிப் போன முதல் நாள் வீண். மிருக வைத்தியர் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தார். மறுநாள் பார்த்தபோது இரத்தத்தில் சீனி 390. பயந்தாலே பூனைக்குச் சீனி ஏறும் என்று சிறுநீரையும் சோதித்தார். அதிலும் இருந்தது. மனிதருக்குப் போடும் கிளார்ஜின் இன்சுலினை 12 மணித்தியாலத்துக்கு 1 அலகு வீதம் போடச் சொன்னார்.

ஊசி போடுவதற்குத்தான் பயந்தேன். அது ஒன்றுமே இல்லை. தோலைக் கூடாரம் போலத் தூக்கிக் குத்தினால் அவன் சாப்பாட்டிலிருந்து தலையைக்கூட எடுப்பதில்லை.

மூன்றாம் நாள் காலை 11 மணியளவில் குசினி வாசலில் தள்ளாடி விழுந்தான். கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. நான் பாம்பு கடித்துவிட்டது என்று அலற, பல வருடமாக இன்சுலின் போடும் என் அம்மாதான், "சீனி இறங்கிவிட்டது, தேன் கொண்டு வா" என்றார். முரசில் தேனைத் தடவினோம். வாயில் ஊற்றிவிடாதீர்கள், புரைக்கேறும். அம்மாவின் குளுக்கோமீட்டரில் பார்த்தால் 41. மனிதருக்கான கருவி பூனைக்குச் சற்றுக் குறைத்துக் காட்டும்தான், ஆனால் அந்த நேரத்தில் யார் அதைக் கணக்குப் பார்ப்பது?

வைத்தியர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி: "சிரிஞ்சின் மூடி என்ன நிறம்?" சிவப்பு. அது ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகு உள்ள மருந்துக்கானது. எங்கள் போத்தலிலோ 100. நான் 1 என்று நினைத்து ஏற்றியது 2.5 அலகு! எனக்கும் திட்டு விழுந்தது. அவரிடம் சொல்லாமலே சோற்றை நிறுத்தி வெறும் அவித்த மீனுக்கு மாற்றியிருந்தேன். சோறு குறைந்தால் மருந்தும் குறைய வேண்டுமாம். அன்றிரவு ஊசி வேண்டாம், பக்கத்திலேயே இருந்து பாருங்கள் என்றார்.

100 அலகு மருந்துக்கான செம்மஞ்சள் மூடி சிரிஞ்சுக்கு மூன்று கடை ஏறி இறங்கினேன். நீங்கள் மூடியை மட்டும் நம்பாமல், போத்தலிலும் சிரிஞ்சிலும் 100 என்று இருக்கிறதா என்று கடையிலேயே வாசியுங்கள். பூனை சாப்பிடாவிட்டால் ஊசி போடாமல் வைத்தியரைக் கேளுங்கள். மருந்து உள்ளே போனதா, மயிரில் வழிந்ததா என்று சந்தேகம் வந்தால் மறுபடி குத்தவே கூடாது. சீனி பார்க்க, காது விளிம்பைக் கையால் சூடேற்றிவிட்டுக் குத்தினால் ஒரு துளி இரத்தம் தாராளமாக வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது சோதனைத்தாள் வீணானது, அத்தனையும் அம்மாவுடையவை.

இப்போது காலை 6 மணிக்கு அம்மாவுக்கு ஓர் ஊசி, செல்லனுக்கு ஓர் ஊசி. நேற்று சீனி அவனுக்கு 168, அம்மாவுக்கு 190. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் கோபம்.

மீதிச் சிவப்பு மூடிகளைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. பில் இல்லையாம்.