றம்பொடை ஏற்றமும் 103 டிகிரி அலாரமும்

நுவரெலியாவுக்குக் காரில் போகப்போகிறவர்கள் ரூம் தேடுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் முள்ளை நம்பி மலை ஏறாதீர்கள். நிறைய கார்களில் அது 80 டிகிரியிலும் நடுவில்தான் நிற்கும், 100 டிகிரியிலும் நடுவில்தான் நிற்கும். அது சிவப்பைத் தொடும்போது காரியம் கெட்டிருக்கும். ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போனால் பயணக் காசு மொத்தமும் கராஜுக்குத்தான்.

மச்சானுடைய காரில் ஓபிடி ரீடர் (எஞ்சின் கணினியின் எண்களைப் போனுக்கு அனுப்பும் சின்னக் கருவி) செருகி, எஞ்சின் சூடு ஏறினால் கத்தும்படி போனில் அலாரம் வைத்தோம். எத்தனைக்கு வைப்பது என்று கண்டியிலேயே வாக்குவாதம். "110க்கு வை மச்சான், இல்லாட்டி சும்மா சும்மா கத்தும்" என்றான். நான் விடவில்லை. பேராதனை தாண்டி ஓடும்போது 88. கம்பளை நெரிசலில் 95 ஆனதும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றி 90க்கு இறக்கியது. புசல்லாவை ஏற்றத்தில் ஏசியோடு 97. அந்த வண்டி முக்கி முனகும்போது தொடுகிற உச்சம் அதுதான். அதற்கு மேல் ஆறு டிகிரி விட்டு 103 வைத்தேன். வேறு எஞ்சினுக்கு யாரோ சொன்ன எண்ணை இதில் வைத்து என்ன பயன்?

றம்பொடை வளைவுகளில் அலாரம் அலறியது. ஏசியை நிறுத்தி, எஞ்சின் சூட்டை இழுக்க ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரம் கட்டினோம். ஃபேன் சுற்றவில்லை.

எஞ்சின் ஆறும்வரை பக்கத்துக் கடையில் உட்கார்ந்தோம். கல்லிலிருந்து எடுத்த தேங்காய் ரொட்டி, கண்ணில் நீர் வரவைத்த கட்டசம்பல், இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ! நுவரெலியாவில் மூன்று மடங்கு காசு கொடுத்தும் இந்த ருசி கிடைக்கவில்லை. "சூடா இருக்கையில ரேடியேட்டர் மூடியத் தொறந்திராதீங்க தம்பி, கை வெந்துரும்" என்று கடைக்கார அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். அவ்வளவும் உண்மை.

வந்த மெக்கானிக் ஃபேன் ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச்) போய்விட்டது என்று சரியாகக் கண்டுபிடித்தார். ஆனால் ஒரு பழைய ரிலேக்கு 8,000 ரூபா கேட்டார்! மலையில் மாட்டிக்கொண்டவனிடம் இப்படிப் பிடுங்குவது அநியாயம். பேசிப் பேசி 3,500க்குக் கொண்டுவந்தோம். அன்றைய இரவுச் சாப்பாட்டுக் காசு அதோடு சரி.

ரேடியேட்டர் மூடியைப் பற்றி இன்னொன்று. 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் திறந்த சட்டியில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதாலும் தண்ணீரின் கொதிநிலையைக் கூட்டும் கூலன்ட் திரவம் கலப்பதாலும்தான் எஞ்சினுக்குள் 100க்கு மேலும் தாங்குகிறது. மூடியின் ரப்பர் தளர்ந்து, உள்ளே வெறும் பைப் தண்ணீர் இருந்தால் 103 அலாரம் அடிப்பதற்குள் கொதித்துவிடும். தண்ணீர் ஒழுகி சென்சருக்குக் கீழே இறங்கிவிட்டாலும் போன் பொய்தான் சொல்லும். அதனால் புறப்படும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, தண்ணீர் மட்டத்தையும் மூடியையும் பாருங்கள்.

ரிலே மாற்றியபின் நுவரெலியா வரை 96ஐத் தாண்டவில்லை. மச்சான் இப்போது தன் போனிலும் 103 வைத்திருக்கிறான்.