புளியங்கொட்டையில் தொடங்கிப் பத்தாயிரம் பேர் வரை: கூட்டத்தை ஓட்டிப் பார்த்த மூன்று மாதம்

ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன விதி கொடுத்துவிட்டால் கூட்டம் என்ன ஆகிறது என்று பார்க்கிற வேலை இது. சதுரங்கப் பலகையில் புளியங்கொட்டையையும் சோழியையும் பரப்பி வைத்துத்தான் இதைத் தொடங்கினேன். தாமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1960களின் கடைசியில் நாணயங்களை வைத்துச் செய்து பார்த்த பயிற்சி அது. 2005ல் நோபல் பரிசு பெற்றவர். ஒவ்வொரு காயும் ஒரு குடும்பம், ஒவ்வொரு கட்டமும் ஒரு வீடு. நான்கு மூலையை மட்டும் காலியாக விட்டு, மீதி அறுபது கட்டத்திலும் கறுப்பு வெள்ளையாக மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

விதி எளியது. பக்கத்து வீட்டுக்காரர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத் தன் நிறத்தார் இருந்தால் போதும். ஒருவரோ இருவரோ பக்கத்தில் இருந்தால் அதில் ஒருவர் நம்மவர். மூன்று முதல் ஐந்து பேர் என்றால் இருவர். ஆறு முதல் எட்டு என்றால் மூவர். மற்றவர்கள் யாராக இருந்தாலும் கவலையில்லை. இது கிடைக்காத காய் மட்டும், கிடைக்கிற மிக அருகிலுள்ள காலிக் கட்டத்துக்குப் போகும். மாற்றி மாற்றி வைத்த முதல் அமைப்பில் எல்லாக் காய்க்கும் இது கிடைத்துவிடுகிறது. பலகை முழுக்கக் கலந்த ஊர், ஒருவருக்கும் குறையில்லை.

அப்புறம் இருபது காய்களை எடுத்துவிட வேண்டும். எதை எடுப்பது என்பதில் என் கை சாயக்கூடாது என்று ஒன்று முதல் அறுபது வரை துண்டுச் சீட்டு எழுதிக் குலுக்கினேன். எடுத்த பிறகு காலிக் கட்டங்களில் ஐந்து காய்களைச் சீட்டுப்படியே திரும்ப வைத்தேன். இப்போது நாற்பத்தைந்து பேர். அங்கங்கே ஒன்றிரண்டு பேருக்குப் பக்கத்தில் ஆள் போதவில்லை. ஒரு புளியங்கொட்டையை நகர்த்தினேன். அது விட்டுப்போன இடத்தை ஒட்டியிருந்த இன்னொரு புளியங்கொட்டைக்கு ஓர் ஆள் குறைந்தது. அதை நகர்த்தினேன். அது போய் உட்கார்ந்த இடத்தில் ஒரு சோழிக்கு எண்ணிக்கை இடித்தது. முக்கால் மணி நேரம் இப்படியே போயிற்று. நகர்த்த ஒன்றும் இல்லாதபோது நிமிர்ந்து பார்த்தால் இடது பக்கம் முழுக்கப் புளியங்கொட்டை, வலது பக்கம் சோழி, நடுவில் ஒரு காலிப் பட்டை. பிரிந்து வாழ வேண்டும் என்று ஒரு காய்க்கும் நான் சொல்லவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, அந்த ஓரத்துல இருக்கிறவனை உடனே ஏன் கிளப்புற? கொஞ்சம் பொறுத்தா பக்கத்துல இருக்கிறவன் போவான், நம்மாள் யாராவது வருவான், இவனுக்குச் சரியாயிடும்ல?" அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

கையால் நகர்த்தியது அதோடு சரி. அடுத்த வாரம் நெட்லோகோ இறக்கினேன். யூரி விலென்ஸ்கி 1999ல் எழுதிய இலவச மென்பொருள், இந்த வேலைக்கென்றே செய்தது. அதில் நகர்கிற ஆளுக்கு ஆமை என்று பெயர். பொதுவாக இந்தத் துறையில் ஏஜென்ட் என்கிறார்கள். தமிழில் முகவர் என்று எழுதினால் காப்பீடு விற்பவர்தான் மனதில் வருகிறார், அதனால் நான் ஏஜென்ட் என்றே வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ஏஜென்டுக்கும் ஒரு சின்ன விதி கொடுத்து விட்டுவிடுவது, கூட்டம் என்ன ஆகிறது என்று பார்ப்பது. முறை அவ்வளவுதான். ஊருக்கென்று தனியாக ஒரு சமன்பாடு கிடையாது.

நெட்லோகோவின் மாதிரி நூலகத்திலேயே ஷெல்லிங்கின் ஊர் இருக்கிறது. 51க்கு 51 கட்டம், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வீடு நிரம்பியிருக்கும். தன் நிறத்தார் எத்தனை சதவீதம் வேண்டும் என்பதற்கு ஒரு நகர்த்துகோல். தொடக்கத்தில் அது 30ல் நிற்கும். இரண்டு நிறத்தையும் கலந்து தூவுவதால், முதலில் சராசரியாக ஒருவரின் அண்டை அயலில் பாதிப் பேர் அவர் நிறம். ஓடவிட்டால் சில நொடிகளில் எல்லாரும் நிறைவடைந்து நின்றுவிடுகிறார்கள், அந்தப் பாதி எழுபதைத் தாண்டியிருக்கிறது. கேட்டது முப்பது, கிடைத்தது எழுபதுக்கு மேல். ஐம்பது கேட்டால் எண்பத்தைந்தை ஒட்டிப் போகிறது. எண்பது கேட்டால் ஊர் நிற்பதே இல்லை. எல்லாரும் அலைந்துகொண்டே இருக்கிறார்கள், திரையில் பாதிக்குப் பாதி கலப்பு அப்படியே தொடர்கிறது. மிகக் கண்டிப்பான ஊர்தான் கடைசி வரை கலந்து கிடக்கிறது, ஆனால் ஒருவருக்கும் நிம்மதி இல்லை.

இதுவரைக்கும் எல்லாரும் பார்ப்பதுதான். எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்து நடந்தது. நகர்த்துகோலை ஒவ்வொரு புள்ளியாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் ஐம்பது முறை ஓட்டி, கடைசியில் தன் நிறத்தார் எத்தனை சதவீதம் என்ற சராசரியைக் குறித்துக்கொண்டு வந்தேன். சீராக ஏறும் என்று எதிர்பார்த்தேன். 25 வரை மெல்ல ஊர்ந்த எண் 26ல் சட்டென்று குதித்தது. நிரலில் பிழை என்று நினைத்து ஒரு மாலை முழுக்கத் தேடினேன். பிழை இல்லை. காகிதத்தில் கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது.

எட்டுப் பேர் பக்கத்தில் இருக்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டில் 25 சதவீதம் சரியாக இரண்டு. 26 சதவீதம் என்றால் 2.08. ஆளைக் கால் அரையாகப் பிரிக்க முடியாது, எனவே மூன்று பேர் வேண்டும். ஒரு புள்ளி ஏற்றியதில் தேவை ஓர் ஆள் கூடிவிட்டது. எட்டு இடத்தில் இரண்டு நிறம் அமையும் விதம் 256. அதில் நம் நிறம் ஒன்று அல்லது அதற்கும் குறைவு என்பது 9 விதம். இரண்டு அல்லது அதற்கும் குறைவு என்பது 37 விதம். ஆக எட்டுப் பேர் சூழ்ந்தவர்களில் தொடக்கத்தில் குறையோடு நிற்பவர்கள் நூற்றுக்கு மூன்றரை பேரிலிருந்து பதினான்கரை பேராக, நான்கு மடங்காக ஆகிறார்கள். 29ல் இன்னொரு சின்னக் குதிப்பு இருக்கிறது. பக்கத்தில் ஏழு பேர் இருப்பவருக்கு 28 வரை இருவர் போதும், 29 ஆனதும் மூவர் வேண்டும். எட்டுப் பேர் உள்ளவருக்கோ 26 முதல் 37 வரை எங்கே வைத்தாலும் ஒன்றுதான்.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், அந்தக் குதிப்பு மனிதர்களைப் பற்றியது இல்லை. ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டு அண்டைக் கட்டம் என்று நான் வைத்துக்கொண்டதைப் பற்றியது. அறுகோணக் கட்டம் போட்டிருந்தால் குதிப்பு வேறெங்கோ வந்திருக்கும். திரையில் தெரிவதில் எது ஊரின் குணம், எது பலகையின் குணம் என்று பிரித்துப் பார்க்காமல் "26 சதவீதத்தில் சமூகம் உடைகிறது" என்று நான் எழுதியிருந்தால் பெரிய தவறாகியிருக்கும்.

அம்மாவின் கேள்வியையும் ஓட்டிப் பார்த்தேன். குறையுள்ளவர் உடனே கிளம்ப வேண்டாம், ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தில் ஒரு வாய்ப்பில்தான் கிளம்புவார் என்று ஒரு வரி சேர்த்தேன். அம்மா சொன்னது நடக்கிறது. சிலருக்கு உட்கார்ந்த இடத்திலேயே சரியாகிவிடுகிறது. ஊர் நிலைக்கச் சுற்றுகள் அதிகம் பிடிக்கிறது, கடைசிச் சதவீதம் சில புள்ளிகள் இறங்குகிறது. ஆனால் தொடங்கிய பாதிக்கு அது திரும்புவதில்லை. அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "பொறுத்தாலும் பிரியத்தான் பிரியுறாங்க" என்றார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அமெரிக்க நகரங்களில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் தனித்தனியே வாழ்வதற்குக் காரணம் இந்த மென்மையான விருப்பம்தான் என்று ஷெல்லிங்கின் பலகை நிரூபிப்பதாகச் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது அப்படிச் சொல்லவில்லை. அங்கே கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்தார்கள். அந்த நிபந்தனையை நீதிமன்றம் அமல்படுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948ல். 1930களில் அரசே நகர வரைபடத்தில் அவர்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பாகக் குறித்தது, அங்கெல்லாம் வீட்டுக்கடன் எட்டாக்கனி ஆனது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாடு கூடாது என்ற சட்டம் வந்தது 1968ல்தான். திட்டமிட்டுப் பிரிப்பதும் பொருளாதார வேறுபாடும் தனிக் காரணங்கள் என்று ஷெல்லிங்கே 1971ல் வந்த கட்டுரையின் தொடக்கத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் பேசுகிறார். யாரும் கெட்ட எண்ணம் வைக்காவிட்டாலும் பிரிவு வரலாம் என்று பலகை காட்டுகிறது. கெட்ட எண்ணம் இல்லவே இல்லை என்று அது காட்டவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் அநியாயம் செய்தவர்களுக்கு நாமே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தது போலாகும்.

இதைப் படிக்கும்போதுதான் ஜேம்ஸ் சகோடா கிடைத்தார். ஷெல்லிங் கட்டுரை வந்த அதே ஆய்விதழின் இன்னொரு வெளியீட்டில், அதே 1971ல், இவருடைய சதுரங்கப் பலகை மாதிரியும் வந்திருக்கிறது. அதன் வேர் இன்னும் பழையது, 1949ல் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தன் நாட்டு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது அடைபட்டவர்களில் சகோடாவும் ஒருவர். ஐடஹோவின் மினிடோக்கா முகாமில் உள்ளே இருந்தபடியே மக்கள் எப்படிச் சேர்கிறார்கள், எப்படி விலகுகிறார்கள் என்று குறித்து வந்தார். வேலிக்குள் பார்த்ததை விருப்பு, வெறுப்பு, பொருட்படுத்தாமை என்ற மூன்று மதிப்பாக்கிக் காய்களுக்குக் கொடுத்தார். அவர் பெயர் ஷெல்லிங் அளவுக்கு வெளியே தெரியவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பின்னாளில் ஒரிகாமி என்ற காகித மடிப்புக் கலையில் பெயர் பெற்றவரும் அவர்தான்.

இரண்டாவது மாதம் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளருக்குப் போனேன். 1978ல் அவர் சொன்ன எடுத்துக்காட்டு இது. சதுக்கத்தில் நூறு பேர் நிற்கிறார்கள். கலவரத்தில் சேர ஒவ்வொருவருக்கும் ஒரு வரம்பு. ஒருவருக்குப் பூச்சியம், யாரும் இல்லாவிட்டாலும் அவர் முதல் கல்லை எறிவார். அடுத்தவருக்கு ஒன்று, ஒருவர் எறிந்தால் இவரும் எறிவார். இப்படியே தொண்ணூற்றொன்பது வரை. நூறு பேரும் இறங்கிவிடுகிறார்கள். இப்போது வரம்பு ஒன்று உள்ளவரை எடுத்துவிட்டு, வரம்பு இரண்டு உள்ள ஒருவரை நிறுத்துங்கள். முதல் ஆள் கல் எறிகிறார், இரண்டாவது ஆள் இல்லை, அதோடு முடிந்தது. முதல் நாள் செய்தி "ஊரே கலவரம்". இரண்டாவது நாள் செய்தி "யாரோ ஒருவர் கண்ணாடியை உடைத்தார்". இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் ஒரே ஆள், அதுவும் ஒரே எண்.

இதைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் நானே எழுதினேன். முதல் தடவை ஒரே சுற்றில் நூறு பேரும் இறங்கிவிட்டார்கள். முடிவு சரி, வேகம் தப்பு. ஏஜென்டுகளை வரம்பு வரிசையில் அடுக்கி வைத்து, ஒவ்வொருவரும் சேர்ந்த உடனே எண்ணிக்கையை ஏற்றியிருந்தேன். அதனால் ஒருவர் சேர்ந்தது அதே நொடியில் அடுத்தவர் காதுக்குப் போய்விட்டது. எல்லாரும் முந்தைய சுற்றைப் பார்த்து முடிவு செய்யட்டும் என்று மாற்றினேன், அதே கூட்டம் நூறு சுற்று எடுத்தது. யார் எப்போது யாரைப் பார்க்கிறார் என்பது அற்பமான நிரல் விவரம் போலத் தோன்றும், ஆனால் சில மாதிரிகளில் முடிவே அதில்தான் நிற்கிறது. நோவாக், மே என்ற ஆய்வாளர்கள் 1992ல் வெளியிட்ட ஒத்துழைப்பு மாதிரியில், எல்லாரையும் ஒரே நொடியில் முடிவெடுக்க வைத்ததை மாற்றினால் ஒத்துழைப்பே அழிந்துபோகலாம் என்று ஹூபர்மனும் கிளான்ஸும் அடுத்த ஆண்டே காட்டினார்கள்.

பிறகு வரம்புகளைச் சீட்டுக் குலுக்கல் போல விட்டேன். நூறு பேருக்கும் 0 முதல் 99 வரை ஏதோ ஓர் எண். ஆயிரம் முறை ஓட்டியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு கல்கூட விழவில்லை. காரணம் எளியது. ஒருவருக்குப் பூச்சியம் விழாமலிருக்க வாய்ப்பு 0.99, நூறு பேருக்கும் விழாமலிருக்க அதையே நூறு முறை பெருக்க வேண்டும், 0.366 வருகிறது. தொடங்கி வைக்க ஆளே இல்லாத கூட்டங்கள் அவை. உள்ளே தொண்ணூறு பேர் தயாராக இருந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அமைதியான ஊர்தான்.

இந்த மாதம் முழுக்க ஓடிக்கொண்டிருப்பது கிரானோவெட்டரின் இன்னொரு சோதனை. வரம்புகள் சராசரியாக 25 சதவீதம், மணி வடிவப் பரவல். சராசரியைத் தொடாமல் பரவலை மட்டும் அகலப்படுத்திக்கொண்டே போக வேண்டும். பத்தாயிரம் பேர் வைத்தேன். பரவலின் அகலத்தைச் சொல்லும் திட்டவிலக்கம் 12 என்றால் பெரும்பாலான ஓட்டங்கள் நானூறு பேரை ஒட்டி நின்றுவிடுகின்றன. 13 என்றால் பத்தாயிரம் பேரும் இறங்குகிறார்கள். கிரானோவெட்டர் அந்த முனையை 12.2 என்று கணக்கிட்டிருந்தார். மக்களின் சராசரி மனநிலை இம்மி மாறவில்லை, கருத்துக்கணிப்பு எடுத்தால் அதே 25தான் வரும். ஆனால் 12ல்கூட அபூர்வமாக ஓர் ஓட்டம் நானூறில் நிற்காமல் பத்தாயிரத்துக்கும் போய்விடுகிறது. முதல் ஓட்டத்திலேயே எனக்கு அது வந்திருந்தால் அதையே விதி என்று நம்பியிருப்பேன். அதனால் அதே ஓட்டத்தை மறுபடி எடுத்துப் பார்க்க, ஒவ்வொன்றுக்கும் ரேண்டம் எண்கள் எந்த எண்ணிலிருந்து தொடங்கின என்பதை, அதாவது அதன் விதையை, குறித்து வைக்கிறேன், ஐநூறுக்குக் குறைவான ஓட்டங்களை வைத்து எதையும் எழுதுவதில்லை.

அடுத்து நண்பர்களைச் சேர்க்க வேண்டும். கிரானோவெட்டரும் இதைப் பேசியிருக்கிறார். தெரியாத ஒருவர் சேர்ந்தால் ஒன்று, நண்பர் சேர்ந்தால் இரண்டு என்று கணக்கு. வரம்பு இரண்டு உள்ளவரை முதல் கல் எறிந்தவரின் நண்பராக வைத்து நேற்று இரவு நூறு பேரோடு ஒரு முறை மட்டும் ஓட்டினேன். நின்றுபோன அந்தக் கூட்டம் மறுபடி நகர ஆரம்பித்து நூறு வரை போனது. ஐநூறு ஓட்டம் இன்று இரவு.