0.6 மில்லிஆம்ப்

மூளைக்குள் எலெக்ட்ரோடு வைத்த பார்க்கின்சன் நோயாளி ஒருவருக்கு, வலது பக்கம் 2.8 மில்லிஆம்பில் ஓடிக்கொண்டிருந்த கரண்டை 2.2-க்கு இறக்கினேன். கரண்ட் பாயும் கான்டாக்டையும் (எலெக்ட்ரோடில் இருக்கும் உலோக வளையம்) 1-லிருந்து 2-க்கு, அதாவது மூளைக்குள் 2 மில்லிமீட்டர் மேலே, மாற்றினேன். மின்துடிப்பின் வேகத்தையும் (130 ஹெர்ட்ஸ்) நீளத்தையும் (60 மைக்ரோசெகண்ட்) தொடவில்லை. டிபிஎஸ் (மூளையின் ஆழத்தில் மின்தூண்டல் தரும் சிகிச்சை) கிளினிக்கில் இது அன்றாட வேலை. நோயாளி முதலில் "குறைக்காதீங்க டாக்டர்" என்றார். மனைவி அழுத பிறகு "சரி, பண்ணுங்க" என்றார். கேஸ் ஷீட்டில் 'ஒப்புதல் பெறப்பட்டது' என்று எழுதினேன். பொய்யில்லை. ஆனால் அந்த "சரி" யாரைச் சமாதானப்படுத்தச் சொன்னது என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

எலெக்ட்ரோடு உட்கார்ந்திருக்கும் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற மூளையின் ஆழப்பகுதி, நீளவாக்கில் சுமார் 12 மில்லிமீட்டர்தான். உடலசைவைப் பார்த்துக்கொள்ளும் பகுதி அதன் மேல்பக்கம், வெளிப்புறமாக இருக்கிறது. மனநிலையோடு தொடர்புடைய பகுதி முன்பக்கம், உட்புறமாக இருக்கிறது. கரண்ட் வெளிப்புறமாகக் கசிந்தால் வாய் கோணும், பேச்சு குழறும். பின்பக்கம் கசிந்தால் கையில் ஊசி குத்துவது போன்ற மரமரப்பு விடாமல் இருக்கும். உட்புறம் போனால் கண் ஒரு பக்கமாக இழுக்கும். இவையெல்லாம் நம் கண்ணெதிரே, சில விநாடிகளில் தெரிந்துவிடும், அங்கேயே சரிசெய்துவிடலாம். மனநிலை மாற்றம் அப்படியில்லை. அது பெரும்பாலும் நாள்கணக்கில், வீட்டில் வைத்து, மெல்ல வரும். கிளினிக்கில் அந்த மனிதர் கலகலப்பாக, நன்றி சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதை அளக்க நம்மிடம் இருக்கும் ஒரே நம்பகமான கருவி, கூட வாழ்கிறவரின் பேச்சு. அந்தப் பேச்சிலும் அவருடைய பயம், கடன், பழைய கோபம் எல்லாம் கலந்திருக்கும்.

அன்று அந்த நோயாளியின் தூக்கம் 3 மணி நேரமாகச் சுருங்கியிருந்தது. பழக்கமில்லாதவருக்குக் கைமாற்று கொடுத்திருந்தார். நிலத்தை விற்க முன்பணம் வாங்கியிருந்தார். இப்படி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கரண்டை அல்ல, பிரமிபெக்ஸால் மாதிரியான பார்க்கின்சன் மாத்திரைகளை. சூதாட்டம், கண்மண் தெரியாத செலவு, எல்லாவற்றையும் அவையே தனியாகக் கொண்டுவரும். அவருக்கு அது ஏற்கெனவே படிப்படியாக நிறுத்தப்பட்டிருந்தது. மிச்சம் இருந்தது கான்டாக்டும் மில்லிஆம்பும்தான். ஆகவே வைத்தியமாகப் பார்த்தால் நான் செய்தது சரி. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆனால் அவர் ஒன்று சொன்னார்: "நீங்க எல்லாரும் பார்த்த அடக்கம் என் வியாதியோடது, டாக்டர். நான் முன்னாடி இப்படித்தான்." மனைவியோ, "கல்யாணமான நாள்லேருந்து இப்படி ஒரு நாளும் இருந்ததில்லை" என்றார். இரண்டில் எது உண்மை என்று சொல்ல ஸ்கேன் கிடையாது. பார்க்கின்சன் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மனதைச் சோர்வாக்கத் தொடங்கிவிடலாம். எனவே அவர் சொன்னதை வெறும் மேனியா, அதாவது கட்டுக்கடங்காத உற்சாக நிலையின் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. மேனியாவில் இருக்கிறவர் இதையேதான் சொல்வார் என்பதும் நிஜம்.

இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு நெதர்லாந்தில் 2004-இல் வெளியான ஒரு நோயாளியின் விவரம் தெரிந்திருக்கும். அவருக்கு வயது 62. கரண்ட் ஓடினால் நடமாடுவார், ஆனால் மேனியா, பெருங்கடன். நிறுத்தினால் தெளிவு, ஆனால் படுக்கை. மருந்தும் உதவவில்லை, இடைப்பட்ட அளவும் அமையவில்லை. கருவியை நிறுத்திவைத்து, தெளிவாக இருக்கும்போது அவரையே கேட்டார்கள். கரண்ட் ஓடட்டும், என்னை மனநல மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள் என்று முடிவு செய்தார். அப்படியே செய்தார்கள். நேர்மையான வழி என்று இதைப் பலர் மெச்சுகிறார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. கருவியை நிறுத்தினால் சில நிமிடங்களில் நடுக்கம் திரும்பும், ஒரு மணி நேரத்துக்குள் உடல் இறுகும், நடையும் நிமிர்வும் 3, 4 மணி நேரத்தில் போய்விடும். மாத்திரையை வெகுவாகக் குறைத்தவருக்குக் கருவியைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மரக்கட்டையாகப் படுத்திருக்கும் ஒருவரிடம் "கரண்ட் வேண்டுமா?" என்று கேட்பதில் எவ்வளவு சுதந்திரம் இருக்கிறது? 'தெளிவு' என்று நாம் சொல்லும் அந்த நிலையில் வலியும் இருக்கிறது.

நரம்புத் தொழில்நுட்பச் சட்டம் என்று உலகம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் தரவைப் பற்றி. தலையில் மாட்டும் ஒரு ஈஈஜி (மூளையின் மின்னலைகளைப் பதியும்) கருவி சேகரித்த மூளைத் தரவை அழிக்கச் சொல்லி 2023-இல் சிலி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் மூளைத் தரவைத் தன் தனியுரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. தேவையானவைதான். ஆனால் அவை மூளையைப் படிப்பவர்களுக்கான சட்டங்கள். நாங்கள் மூளைக்குள் கரண்டைச் செலுத்துகிறோம்.

நம் நாட்டில் என்ன இருக்கிறது? மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-இன் 4-ஆம் பிரிவு: தகவலைப் புரிந்துகொண்டு, பின்விளைவை உணர்ந்து, முடிவைத் தெரிவிக்க முடிந்தால் ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டு. என் நோயாளி மூன்றையும் செய்தார். நிலத்தின் சந்தை விலை உட்படச் சொன்னார். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 12-ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது: ஒப்பந்தம் போடும் அந்த நேரத்தில் தன் நலனுக்கு அதனால் என்ன ஆகும் என்று நிதானித்துப் பார்க்க முடிந்ததா? நாளை அந்த முன்பண விவகாரம் கோர்ட்டுக்குப் போனால், எந்தத் தேதியில் எத்தனை மில்லிஆம்ப் என்ற எங்கள் பதிவேடே சாட்சியாகக் கேட்கப்படலாம். புரோகிராமிங் குறிப்பைத் தேதி, நேரம், கான்டாக்ட், அளவு, யார் என்ன சொன்னார்கள் என்று முழுமையாக எழுதுங்கள் என்று இளையவர்களிடம் நான் மன்றாடுவது இதனால்தான்.

குறைத்த பிறகு தூக்கம் வந்தது, செலவு நின்றது. நடையும் தளர்ந்தது. அடுத்த முறை வந்தபோது மனைவியே, "கொஞ்சம் ஏத்த முடியுமா டாக்டர்? ரொம்ப அமைதியாயிட்டார்" என்றார். 2.4-க்கு ஏற்றி, அவர் கையிலிருக்கும் ரிமோட்டில் மேல் எல்லையையும் அங்கேயே பூட்டினேன். அந்தப் பூட்டைப் பற்றி அவரிடம் சொன்னேன்; மறுக்கவில்லை. 2.4-இல் இருப்பவர் மறுக்காததும் 2.8-இல் இருந்தவர் வேண்டாமென்றதும் ஒரே எடை உள்ளவையா?

இப்போது அறுவைக்கு முன்பே ஒரு தாள் எழுதி வாங்குகிறோம். மனநிலை மாறினால் யார் சொல்வதைக் கேட்கலாம், எவ்வளவு நடைத் தளர்ச்சியைப் பொறுத்துக்கொள்வீர்கள், வங்கிக் கணக்கை யார் பார்ப்பார்கள். 2017 சட்டத்தின் 5-ஆம் பிரிவு தரும் முன்கூட்டிய உத்தரவின் (மனநோய் வந்தால் எப்படிச் சிகிச்சை வேண்டும் என்று முன்பே எழுதிவைப்பது) சாயலில் எழுதியது. அந்த உத்தரவோ, ஒருவர் திறனை இழந்தால் மட்டுமே உயிர்பெறும். 8-ஆம் பிரிவின்படி எழுதியவரே எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். அப்படி ஒருவர் ரத்து செய்ய வந்தால், அவருக்குத் திறன் இருக்கிறதா என்று மனநல மருத்துவரைப் பார்த்துச் சொல்லச் சொல்வோம். அவர் பார்க்கும்போது கரண்ட் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதற்கு அந்தத் தாளில் ஒரு கட்டம் விட்டிருக்கிறோம். அதை எப்படி நிரப்புவது என்று எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை.