துண்டை இடுப்பில் கட்டியவர்

பெங்களூரு சிவாஜிநகர் பஸ் நிலையத்திலிருந்து மாதா கோயிலுக்கு நடக்கிற தூரம்தான். ஆனாலும் ஈஸ்டருக்கு முந்தின இந்தப் பெரிய வியாழன் சாயங்காலம் எனக்கு அரை மணி நேரமானது. ரசல் மார்க்கெட் வாசலிலேயே நின்றுவிட்டேன். 1927இல் கட்டிய அந்தச் சந்தையில்தான் அப்பா முப்பது வருடம் மூட்டை தூக்கினார். அவர் இறந்தபின் பெரிய வியாழனுக்கு நான் இங்கே வருவது இதுதான் முதல் தடவை.

கோயிலுக்குள் நுழைந்தால் புடவை கட்டிய மாதாவின் முன்னால் எப்போதும்போல மெழுகுவர்த்திகள். பர்தா போட்ட பெண்களும் குங்குமம் வைத்த பெண்களும் சேர்ந்தே நின்று வேண்டிக்கொண்டார்கள். செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஒரு கூரைக் கோயில் போட்டு, காணிக்கை மாதா கோயில் என்று பெயர் வைத்ததில் தொடங்கிய இடம் இது. இப்போதிருக்கும் கூர்வளைவுக் கட்டடம் 1882இல் அர்ச்சிக்கப்பட்டது. 1973இல் போப் தரும் சிறப்புத் தகுதி பெற்றுப் பசிலிக்கா ஆனது. எங்கள் குடும்பமும் செஞ்சிப் பக்கம்தான் என்பதால், அந்தக் கூரைக் கோயிலை நினைக்கும்போதெல்லாம் சொந்த வீட்டை நினைப்பது போலிருக்கும்.

எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது என் உலகம் வேறு. ரசிகர் மன்றம், முதல் நாள் முதல் காட்சி, கட் அவுட்டுக்குப் பாலாபிஷேகம். திரையில் எங்கள் ஹீரோ நடந்து வந்தால் ஊரே காலில் விழும். அதுதான் வீரம் என்று முழு மனதாக நம்பினேன். அந்த வருடம் பெரிய வியாழன் பூசையில், இயேசு தம் சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாகப் பாதம் கழுவப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தபோது, பங்குச் சாமியார் அப்பாவையும் கூப்பிட்டிருந்தார்.

எனக்கு அவமானமாக இருந்தது. அப்பாவின் கால் எனக்குத் தெரியும். பித்தவெடிப்பில் விரல் நுழையும். கட்டைவிரல் நகம் மூட்டை விழுந்து கறுத்துப்போனது. எத்தனை தேய்த்தாலும் போகாத சந்தை மண். எல்லார் முன்னாலும் அந்தக் காலை நீட்ட வேண்டுமா என்று தலை குனிந்தே உட்கார்ந்திருந்தேன்.

சாமியார் பூசை மேலாடையைக் கழற்றினார். ஒரு துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அப்பாவின் முன்னால் மண்டியிட்டு, தண்ணீர் ஊற்றி, துடைத்து, குனிந்து அந்தப் பாதத்தை முத்தமிட்டார். அப்பா காலைப் பின்னால் இழுக்கப் பார்த்தார். சாமியார் விடவில்லை.

அன்றிரவு வீட்டில் அப்பா சாப்பிடவில்லை. வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "ஊர்ல பெரிய வீட்டுக்காரங்க வந்தா எங்கப்பா தோள்ல கெடக்குற துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு நிப்பாருடா. சின்னப் புள்ளையில பாத்திருக்கேன். இன்னிக்கு எனக்கு முன்னால ஒருத்தரு கட்டுனாரு."

யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தை அதற்கப்புறம்தான் நான் உண்மையில் வாசித்தேன். இயேசு மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டுகிறார். அந்தக் காலத்தில் பாதம் கழுவுவது வீட்டு அடிமையின் வேலை. சீடர் பேதுரு கூடவே கூடாது என்று தடுக்கிறார். என் அப்பா காலை இழுத்ததுபோலத்தான். பேதுருவைப் புரிகிறது. எனக்குத் தாங்க முடியாதது யூதாஸ். காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று தெரிந்தும் இயேசு அவனைத் தாண்டிப் போகவில்லை. அந்தக் காலையும் கையில் ஏந்திக் கழுவித் துடைத்திருக்கிறார். எதிரியை அடித்து வீழ்த்துகிறவர்களை நான் நிறையப் பார்த்திருந்தேன். எதிரியின் காலடியில் குனிந்தவரை அதுவரை பார்த்ததே இல்லை. இவர்தான் என் தலைவர் என்று மனசு போய்ச் சேர்ந்தது அங்கேதான். இத்தனை வருடத்தில் அது மாறவில்லை.

இந்த வருடம் கோயில் நிரம்பி வெளியேயும் ஆட்கள். "உன்னதங்களிலே" பாடும்போது மணிகள் எல்லாம் ஒன்றாக ஒலித்து அடங்கின. இனி ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவு வரை அவை ஊமை. பாதம் கழுவ உட்கார்ந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். போப் பிரான்சிஸ் 2013இல் ரோமில் இளம் கைதிகள் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவினார். அதில் இரண்டு பெண்கள். முஸ்லிம்களும் இருந்தார்கள். பெண்களையும் சேர்க்கலாம் என்ற ஆணை 2016இல் வந்தது. இங்கே கடைசியாக உட்கார்ந்திருந்த பாட்டியின் கால் வீங்கியிருந்தது. சாமியார் அதை மிக மெதுவாகப் பிடித்தார். அப்பாவின் ஞாபகம் வந்து, நான் துடைக்காமலே கண்ணீரை விட்டுவிட்டேன்.

பூசை முடிந்து நற்கருணை அப்பத்தைப் பக்கத்துப் பீடத்துக்குக் கொண்டுபோனார்கள். நடுப் பீடத்தின் விரிப்புகளை எடுத்து வெறுமையாக்கினார்கள். ஒரு மணி நேரம் ஆராதனையில் முழந்தாளிட்டிருந்துவிட்டு வெளியே வந்தேன்.

மார்க்கெட் ஓரம் ஒரு லாரி. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பையன் கழுத்தில் செபமாலை.

"பூசை முடிஞ்சுதாண்ணா?"

"முடிஞ்சுதுப்பா. ஆராதனை பன்னெண்டு மணி வரைக்கும் இருக்கு."

அவன் தன் காலைப் பார்த்தான். "இதை எறக்கிட்டு, காலைக் கழுவிட்டு வர்றேண்ணா."

"அப்படியே வாப்பா" என்றேன்.